வணிகக் குறி உரிமை மாற்றத்திற்கான பதிவாளர் சான்றிதழ்

பதிவு பெற்ற வணிகக் குறியை ஒருவர் மற்றவருக்கு எழுதிக் கொடுக்கும் முன், அந்த மாற்றம் சட்டப்படி செல்லுமா என்று வணிகக் குறிப் பதிவாளரிடம் கேட்டுப் பெறும் சான்றே இது. 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்தின் 40ஆம் பிரிவு இதற்கு வழி செய்கிறது.

இதன் வேர் இங்கிலாந்துச் சட்டத்தில் இருக்கிறது. குறியையும் அது குறிக்கும் தொழிலின் நற்பெயரையும் பிரிக்க முடியாது என்பது அங்கு நெடுங்காலம் நிலவிய கொள்கை. 1938ஆம் ஆண்டுச் சட்டம் நற்பெயர் இல்லாமலும் குறியை மாற்றித்தர இடம் கொடுத்தது. அதனால் ஒரே பெயர் இருவர் கைக்குப் போய், வாங்குவோர் ஏமாறும் ஆபத்தும் எழுந்தது. அதைத் தடுக்கும் விதிகளும், விற்பதற்கு முன்பே பதிவாளரைக் கேட்கும் வழியும் அதே சட்டத்தில் வந்தன. இந்தியாவின் முதல் வணிகக் குறிச் சட்டம் 1940இல் இயற்றப்பட்டது. நீதிபதி இராஜகோபால அய்யங்காரின் 1955ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ள இன்றைய சட்டம் இந்த ஏற்பாட்டைச் சேவைகளுக்கும் விரித்தது.

சேவைகளும் சேர்ந்ததன் முக்கியத்துவத்தை பெங்களூரின் எம்.டி.ஆர். பெயரில் காணலாம். யக்ஞநாராயண மையா சகோதரர்கள் 1924இல் தொடங்கிய அந்த உணவகம், நெருக்கடி நிலைக் கால விலைக் கட்டுப்பாட்டால் தொழில் நடத்த முடியாமல் தவித்தபோது ரவா இட்லி மாவு போன்ற உடனடி உணவுகளை விற்கத் தொடங்கியது. 2007இல் உணவுப் பொருள் நிறுவனத்தை நார்வேயின் ஆர்க்லா வாங்கியது; உணவகங்கள் மையா குடும்பத்திடமே இருக்கின்றன. பொட்டல மாவும் பரிமாறும் இட்லியும் ஒன்றோடொன்று தொடர்புடையவையா, ஒரே பெயர் இருவரிடம் இருந்தால் மக்கள் குழம்புவார்களா? 40ஆம் பிரிவு எழுப்பச் சொல்லும் கேள்வி இத்தகையதே. இந்தியாவுக்குள் விற்கும் உரிமை ஒருவருக்கும், ஏற்றுமதி உரிமை மற்றவருக்கும் என்று வரம்பிட்டுப் பிரித்தால் தடை இல்லை. நாட்டின் வெவ்வேறு பகுதிகளை ஆளுக்கொன்றாகப் பிரிப்பது 41ஆம் பிரிவின் கீழ் வருகிறது. அதற்குச் சான்று போதாது, பொதுநலனுக்கு முரணில்லை என்ற பதிவாளரின் ஒப்புதலே வேண்டும்.

குறியின் உரிமையாளர் சூழ்நிலையை விளக்கும் அறிக்கையுடன் விண்ணப்பிக்கிறார். கர்நாடகம் சென்னைப் பதிவகத்தின் எல்லைக்குள் வருவதால், பெங்களூர் நிறுவனங்களின் கோப்புகள் பொதுவாகக் கிண்டியிலுள்ள அந்த அலுவலகத்தைச் சேர்ந்தவை. இப்போது இணையவழியிலும் விண்ணப்பிக்கலாம். 2017ஆம் ஆண்டு விதிகள், பதிவுக்குப் பிந்தைய மாற்றங்களுக்கான கோரிக்கைகளுக்கு டி.எம்.-பி என்ற படிவத்தை வகுத்தன.

அறிக்கையில் சொன்ன உண்மைகளைப் பொறுத்த அளவில் சான்றிதழ் இறுதியானது. மோசடியாலோ தவறான தகவலாலோ பெறப்பட்டது என்று நிறுவப்பட்டால் அந்த வலு போய்விடும். ஆகவே எதையும் மறைக்காமல் எழுதுவதே விண்ணப்பதாரருக்குப் பாதுகாப்பு. மாற்றம் செல்லும் என்று சான்று கிடைத்தால், அது வழங்கப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் புதிய உரிமையாளரின் பெயரைப் பதிவு செய்ய 45ஆம் பிரிவின் கீழ் விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் சான்று துணை நிற்காது. பதிவாளரின் முடிவை எதிர்க்கும் மேல்முறையீடுகள், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்ட பின், உயர் நீதிமன்றத்துக்குச் செல்கின்றன.