நாவலர் பெருமான் சிறுவர்க்கு ஒழுக்கம் பயிற்றிய நெறி

சிறுவர்க்கு எழுத்தறிவித்தல் எளிது. ஒழுக்கம் அறிவித்தல் அரிது. எழுத்தும் எண்ணும் நாவினாலும் கையினாலும் பயிலப்படுவன. ஒழுக்கமோ உள்ளத்தால் விரும்பப்பட்டு மெய்யால் நடக்கப்பட்டாலன்றி உளதாகாது. ஆதலின், நற்குணங்களைக் கற்பித்தல் கூடுமோ, கூடுமாயின் எவ்வாறு கற்பித்தல் வேண்டும் என்னும் வினா எக்காலத்து ஆசிரியர்க்கும் எழுவதொன்றாம். யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் (1822–1879) இவ்வினாவிற்குத் தம் வாழ்நாளால் இறுத்த விடையை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

நாவலர் பிறந்த காலத்துத் தமிழ்ச் சிறார் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலே கற்றனர். மணலில் எழுத்தெழுதிப் பழகிய பின்னர், ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி முதலிய நீதிநூல்கள் ஏட்டுச்சுவடி கொண்டு வாய்ப்பாடமாக ஓதுவிக்கப்பட்டன. இம்முறையின் நன்மை பெரிது. இளமையில் நெஞ்சிற் பதிந்த நீதிமொழி, முதுமைகாறும் வேண்டுழி முன்வந்து நின்று உதவும். இதன் குறையோ, செய்யுள் முன்னும் பொருள் நெடுநாட் கழித்துமாக வருதலாம். பொருள் விளங்குமுன்னரே பள்ளியை விட்டு உழவிற்கும் வாணிகத்திற்கும் சென்ற பிள்ளைகளிடத்து, நீதி ஓசையளவாய் நின்றொழிந்தது.

மற்றொருபால் மிஷன் பள்ளிக்கூடங்கள் எழுந்தன. வெஸ்லியன் மிஷனார் 1814ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தனர். அமெரிக்க மிஷனார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் தம் பணியைத் தொடங்கி, 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவினர். வகுப்புப் பிரிவும், அச்சிட்ட பாடநூலும், எளிய உரைநடையும், வினாவிடை முறையும் அங்கே சிறந்து விளங்கின. அவற்றின் பயனை மறுத்தல் நடுநிலையன்று. நாவலரும் வெஸ்லியன் மிஷன் பள்ளியிற் கற்று, அங்கேயே ஆசிரியராயிருந்து, பேர்சிவல் பாதிரியாருடைய விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பிற்குத் துணைபுரிந்தவரேயாவர். ஆயினும், அங்கே நல்லொழுக்கம் கிறித்துவ சமயத்தோடு பிணைத்தே போதிக்கப்பட்டது. சைவ இல்லத்துப் பிள்ளை வீட்டிலே ஒன்றும் பள்ளியிலே ஒன்றுமாக நடக்கவேண்டியவனானான். கல்வியையும் உத்தியோகத்தையும் கருதி, நெஞ்சு ஒவ்வாததை நாவினாற் சொல்லப் பழகினோர் சிலரல்லர். வாய்மையை வேராகவுடையது ஒழுக்கம். அவ்வேரையே இளமையில் அரிந்துவிட்டுக் கிளைக்கு நீர் வார்ப்பதனால் ஆவது யாது? நாவலர் கண்ட பெருந்தீங்கு இதுவேயாம்.

1847ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31ஆந் தேதி வெள்ளிக்கிழமையன்று வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே நாவலர் தம் சமயப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848ஆம் ஆண்டில் அவ்வூரிலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849ஆம் ஆண்டில் அச்சியந்திரம் வாங்குதற்பொருட்டுச் சென்னைக்குச் சென்றார். அச்செலவின்போதுதான் திருவாவடுதுறை ஆதீனத்தார் அவர்க்கு 'நாவலர்' என்னும் பட்டம் அளித்தனர். யந்திரம் வந்தபின் சிறுவர்க்குரிய நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. பாலபாடமும் சைவவினாவிடையும் அவற்றுட் சிறந்தன. பழைய நீதிநூல்களையும் அவர் கைவிட்டிலர். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நல்வழி, நன்னெறி என்பவற்றிற்குத் தெளிந்த உரை எழுதி வெளியிட்டார். திண்ணைப்பள்ளியின் நினைவாற்றலையும் மிஷன் பள்ளியின் பொருள்விளக்கத்தையும் ஒருங்கே கொண்டு, இரண்டிடத்துமுள்ள குறையை நீக்கிய திறம் இதன்கண் விளங்கும்.

பாலபாடத்தின் அமைப்பு ஆராயத்தக்கது. முதற்புத்தகம் எழுத்து, சொல், சிறுவாக்கியம் எனப் படிப்படியாக ஏறிச்செல்லும். நான்காம் புத்தகத்திலோ கடவுள், கொலை, கள்ளுண்ணல், களவு, பொய், அழுக்காறு, கோபம், சூது, செய்ந்நன்றியறிதல், தாய்தந்தையரைப் பேணல், கல்வி, ஈகை முதலிய தலைப்புக்களில் நிறைந்த கட்டுரைகள் அமைந்துள்ளன. இது செய், அது செய்யற்க என்னும் கட்டளையளவில் அவர் நின்றிலர். இன்ன செயல் இன்னதெனப் பொருள் வரையறுத்து, அதன் வகையை விரித்து, அதனாற் செய்தவனுக்கும் பிறர்க்கும் விளையும் கேட்டினை அல்லது நலத்தினை எடுத்துக்காட்டுவர். சிறுவனை அறிவுடைய உயிராக மதித்து அவனுக்குக் காரணங் கூறுதலே இம்முறையின் உயிர்நிலை. காரணம் உணர்ந்து கொண்ட ஒழுக்கம், தண்டிப்பார் இல்லாதவிடத்தும் நிற்கும். அச்சத்தாற் கொண்டதோ பிரம்பு மறைந்தவுடன் தானும் மறையும்.

எனினும், நூலே ஒழுக்கம் பயிற்றிவிடும் என அவர் கருதினாரல்லர். ஆசிரியன் நடையே மாணாக்கன் முதலிற் படிக்கும் ஏடு. 1848ஆம் ஆண்டில் மிஷன் உத்தியோகத்தைத் துறந்த நாவலர், இல்லறம் புகாது, தமக்கென ஊதியங் கொள்ளாது கற்பித்தார். வித்தியாசாலையோ அரசாங்கத்தின் நன்கொடையின்றி நெடுங்காலம் அன்பர் உதவியால் நடைபெற்றது. அதன்பொருட்டு வீடுகள்தோறும் பிடியரிசி எடுத்துவைக்கும் வழக்கமும் ஏற்பட்டது. தாய் நாடோறும் சோறாக்குமுன் ஒருபிடி அரிசியைப் பிறர் கல்விக்கென ஒதுக்கக் கண்ட குழந்தைக்கு ஈகையென்பது இன்னதென வேறு பாடமும் வேண்டுமோ? 1876, 1877ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலே பஞ்சம் வந்துற்றபோது, நாவலர் கஞ்சித்தொட்டித் தருமம் நடாத்திப் பசித்தோரைக் காத்தனர். பாலபாடத்தில் எழுதிய ஈகை தெருவிலே நடந்து காட்டிய காலம் அதுவாம்.

வரலாறு கூறுவோர் குறையையும் மறையாது கூறுதல் கடன். நாவலர் தம் காலத்துச் சாதிநியமத்தைச் சமய ஆசாரத்தின் பகுதியாகவே கொண்டிருந்தார். அதனால் அவர் வகுத்த நன்னெறியின் பயன் எல்லாச் சிறார்க்கும் ஒப்பச் சென்றெய்தவில்லை. பள்ளியின் வாயிலிலேயே தடுக்கப்பட்ட பிள்ளைக்கு, உள்ளே ஓதப்படும் அருளும் ஈகையும் எவ்வாறு பொருள்படும்? இக்குறைக்கு மருந்து வெளியே தேடவேண்டுவதன்று. 1852ஆம் ஆண்டில் நாவலரே வசனமாக்கி வெளியிட்ட பெரியபுராணத்தில், வேடர்குலத்துக் கண்ணப்பரும் புலையர்குலத்துத் திருநாளைப்போவாரும் ஏனைய அடியாரோடு ஒப்ப வைத்து வணங்கப்படுகின்றனர். அந்நூலைச் சிறுவர் கையிற் கொடுத்தோர், அதன் கருத்தைப் பள்ளி வாயிலளவும் கொண்டு செல்லவேண்டுவதாயிற்று. அவர் விட்ட இடத்திலிருந்து அவர் நூல்கொண்டே மேற்சேறல் பின்வந்தோர்க்குரிய பணியாம்.

இவற்றாற் பெறப்படுவது யாது? நற்குணம் கற்பிக்கப்படற்பாலதே. நினைவில் நிற்கும் நீதிமொழி, அறிவிற்கேற்ற காரண விளக்கம், கண்ணெதிரே நடக்கும் ஆசிரியன் வாழ்வு என்னும் மூன்றும் ஒருங்கு கூடியவழியே அது கைகூடும். இவற்றுள் முன்னைய இரண்டும் அச்சேறியிருத்தலின் எவர்க்கும் எளிதிற் கிடைப்பன. மூன்றாவது மட்டும் எந்த யந்திரத்தினும் அச்சிடப்படாதது. ஒவ்வொரு தலைமுறையிலும் பெற்றோரும் ஆசிரியரும் தம் நடையாற் புதிதாக எழுதித் தரவேண்டுவது. பாலபாடத்தைப் பிள்ளை கையிற் கொடுக்குமுன், அப்பாடம் தம்பால் உளதோவென நாம் ஒவ்வொருவரும் நம்மை வினாவிக்கொள்ளுதல் நலமாம்.

திருச்சிற்றம்பலம்.