திருத்தணிகை மீட்பு: பீரங்கி முழங்காத போர்

நகரொன்றுக்காக இருமொழியினர் மோதும்போது குருதியாறு ஓடுவதே உலக வரலாற்றில் மிகுதி. திருத்தணிகைக்கும் ஒரு போர் நிகழ்ந்தது. ஆனால் அதன் படைக்கலங்கள் மாநாடும் மறியலும் சிறைவாசமும் குடிக்கணக்கும் ஆகும்.

அபராசித பல்லவன் காலத்து வீரட்டானேசுவரர் கோயிலும், அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய முருகன் குன்றும் இவ்வூரின் தொன்மைக்குச் சான்றுகள். எனினும் தமிழும் தெலுங்கும் இங்கு ஒரே தெருவில் வழங்கின. தெலுங்கு பேசும் குடும்பத்தில் 1888இல் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் இவ்வூரினரே. வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்த இப்பகுதி, 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்துள் சென்றது. ஆட்சி வசதிக்காக இழுக்கப்பட்ட அக்கோடே பிற்காலப் பூசலுக்கு வித்தாயிற்று.

1952 டிசம்பர் 15இல் பொட்டி சீராமுலு உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தார். 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டம் முழுமையும் அதனுடன் சென்றது. சென்னை நகர் தமிழர்க்கே நிலைத்தது. திருப்பதியும் திருத்தணியும் அப்பால் நின்றன.

ஊர்தோறும் சென்று தமிழ் கற்பித்த மங்கலங்கிழார், எல்லைப்புற மக்களிடையே மொழியுணர்வை முன்னரே வளர்த்திருந்தார். ம.பொ.சிவஞானம் தம் தமிழரசுக் கழகத்தின் வாயிலாக அவ்வுணர்வை இயக்கமாக்கினார். வழக்கறிஞர் கே. விநாயகம் உள்ளிட்டோர் தோள் கொடுத்தனர். தொண்டர் பலர் சிறை புகுந்தனர்; உயிரீந்தோரும் உளர். மங்கலங்கிழாரோ 1953 ஆகஸ்டிலேயே மறைந்தார். விளைவைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

இறுதியில் இரு அரசுகளும் படாஸ்கரின் நடுவத்தை ஏற்றன. கிராமமே அலகு, பெரும்பான்மையோர் மொழி, நிலத்தொடர்ச்சி என்பன அவர் கொண்ட அளவுகோல்கள். 1959இல் எல்லை மாற்றச் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி தமிழகம் சேர்ந்தது. செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரம் சென்றன. சத்தியவேடு அவ்வாறு சென்றதே.

அளவுகோல் எத்துணை நேரியதாயினும் கோட்டுக்கு இருபுறமும் சிறுபான்மையினர் எஞ்சினர். தெலுங்கு பேசுவோர் இப்பாலும் தமிழ் பேசுவோர் அப்பாலும் தங்கிவிட்டனர். அவர்தம் பிள்ளைகளுக்குத் தாய்மொழிப் பள்ளி கிடைக்கிறதா என்பதே அவ்வெற்றியின் உண்மையான உரைகல். மண்ணை மீட்பது ஒரு தலைமுறையின் பணி. அம்மண்ணில் வாழும் பிற மொழியினரையும் தம்மவராகப் போற்றுவது எல்லாத் தலைமுறைக்கும் உரிய கடன். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து இருமாநிலத்தாரும் ஒருசேரப் படியேறும் தணிகைமலை அக்கடனை நினைவூட்டி நிற்கிறது.