கொளுத்திய விறகின் கணக்கு

இலங்கையின் ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை 2001 முதல் அருங்காட்சியகம். பழைய உருட்டு இயந்திரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்குத் தேயிலையின் கதை பாதிதான் தெரிந்திருக்கும். மறுபாதி விறகில் இருக்கிறது. ஒரு கிலோ தேயிலைக்கு நான்கு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். மிகுதியில் பெரும்பங்கு தண்ணீர். அதை விரட்ட விறகு எரியும்; அடுப்பு மோசமென்றால் இன்னும் அதிகமாக எரியும். நிலக்கரி கிடைக்காத தீவில் காடுதான் சுரங்கம். அந்தச் சுரங்கத்தைத் தேயிலை தீர்த்தது என்பது வழக்கமான குற்றச்சாட்டு; எனக்கு அது சரியாகப் படவில்லை. கண்டி மலைகளில் காட்டை வெட்டிச் சாய்த்து, காயவிட்டு, நின்ற இடத்திலேயே கொளுத்தியது கோப்பிக்காலம். கோப்பிக்கொட்டை களத்து வெயிலில் காய்ந்தது. துரைமாருக்கு விறகு வெறும் இடைஞ்சல். 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி சாய்ந்தது. அடுப்பில்லாமல் பிழைக்க முடியாத பயிர் அந்த இடத்துக்கு வந்தபோது, அதற்குரிய விறகு எப்போதோ சாம்பலாகியிருந்தது.

1950இல் லக்ஸபான மின்சாரம் வந்த பிறகு விறகு எதற்கு என்று கேட்கலாம். மின்சாரம் உருளையைச் சுழற்றியது, விசிறியை ஓட்டியது. கொழுந்தை உலர்த்தும் சூட்டை அதிலேயே எடுத்தால் விலை கட்டாது. தோட்டங்கள் யூகலிப்டஸ் நட்டனவே என்பது இன்னும் வலுவான மறுப்பு. நட்டன, உண்மைதான். வெட்டிய அடியிலிருந்தே திரும்பத் துளிர்க்கும் மரம் அது. சுரங்கத்துக்கு இல்லாத வரம். ஆனால் ஒரு வெட்டுக்கு எட்டுப் பத்து ஆண்டு காத்திருக்க வேண்டும். எண்ணெய் மலிவாக இருந்தபோது பல தொழிற்சாலைகள் எண்ணெய் அடுப்புக்கு மாறின. 1973 விலையேற்றம் அவற்றை விறகுக்கே திருப்பியது. அந்தச் சமயத்தில்தான், 1972இலும் 1975இலும், காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசின் கைக்குக் கொண்டுபோனது. 1992இல் பெரும்பாலானவற்றின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. நட்டவரே வெட்டுவார் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் விறகுக்காடு யாருடைய கணக்கிலும் ஏறாது.

பிறகு கைகொடுத்தது கேகாலை, களுத்துறைப் பக்கத்து ரப்பர். பால் வற்றிய மரங்களைத் தறித்து மறுநடுகை செய்யும்போது விழும் கட்டைகள் லொறியேறி மலைநாட்டு அடுப்புகளுக்கு வந்தன. மலிவுதான், ஆனால் தேயிலைக்காக யாரும் ரப்பரைத் தறிப்பதில்லை. ரப்பருக்கு நல்ல விலை கிடைத்தால் கிழட்டு மரமும் இன்னும் இரண்டு வருடம் நிற்கும். கப்பலில் வரும் நிலக்கரிக்குக்கூட இவ்வளவு நிச்சயமின்மை இல்லை. நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்குத் தென்மேற்குப் பருவம் தொடங்குமுன் கப்பல் நிலக்கரியை இறக்கிக் குவித்தாக வேண்டும். கடல் கொந்தளிக்கும் மாதம் இன்னதென்று அங்கே முன்கூட்டியே தெரியும். ரப்பர்க்காரர் கத்தியை எப்போது கையில் எடுப்பார் என்பது தேயிலைத் தொழிற்சாலைக்குத் தெரியாது.