அரங்கேற்றங்களில் கழிந்த வாழ்க்கை

மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை (1815–1876) நம்மில் யாரும் படிப்பதில்லை. படிக்காமலேயே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம்: செய்யுள் இயந்திரம். இருபதுக்கும் மேற்பட்ட ஸ்தல புராணங்கள், அதுபோக அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் என்று கணக்கில்லாமல். உ.வே. சாமிநாதையர் 1933லும் 1934லும் இரண்டு பாகங்களாக வெளியிட்ட சரித்திரத்தைச் சிலர் படித்திருக்கலாம், அதுவும் ஐயருக்காக. முடிவு அநேகமாகச் சரிதான். அதற்கு நாம் வைத்திருக்கும் காரணம்தான் தவறு என்று எனக்குப் படுகிறது. அவருடைய புராணங்களை அச்சுப் புஸ்தகமாகப் பாவித்து, தனியாக உட்கார்ந்து, கண்ணால் படித்து, அலுத்து மூடிவைக்கிறோம். அவை அப்படிப் படிப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

ஓர் ஊரின் தனவந்தரோ, உத்தியோகஸ்தரோ, மடத்துத் தம்பிரானோ தங்கள் ஸ்தலத்துக்குத் தமிழில் ஒரு புராணம் வேண்டுமென்று கேட்பார். வடமொழி மாகாத்மியம் இருந்தால் அது தெரிந்தவரைக் கொண்டு தமிழ் வசனமாக்கப்படும். பிள்ளை அதை மனசில் வாங்கிக்கொண்டு பாட்டுப் பாட்டாகச் சொல்ல, மாணவர் ஒருவர் ஏட்டில் எழுதுவார். பிறகு நல்ல நாள் பார்த்துக் கோயில் மண்டபத்தில் அரங்கேற்றம் தொடங்கும். மாணவர் பாடலைப் படிப்பார், பிள்ளை பொருள் சொல்லுவார். சபையில் கேள்வி கேட்கத் தெரிந்தவர்களும் இருப்பார்கள். தினம் கொஞ்சமாக, வாரக்கணக்கில், சில ஊர்களில் மாதக்கணக்கில் நடக்கும். பூர்த்தியாகிற நாளில் மரியாதைகள், சம்மானம். (நம்முடைய வெளியீட்டு விழாக்களில் புஸ்தகத்தைப் பிரித்தே பார்க்காதவர்கள் முக்கால் மணி நேரம் பேசுகிறார்கள். அங்கே ஒவ்வொரு பாட்டும் வாசிக்கப்பட்டது என்பதையாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.)

இந்த ஏற்பாடு கவிதையை என்ன செய்தது என்பதுதான் கேள்வி. புராணத்துக்குப் புராணம் அதே நாட்டுப்படலம், அதே நகரப்படலம், அதே வாளையும் கமுகும் என்று நாம் சலித்துக்கொள்கிறோம். ஆனால் திருக்குடந்தைப் புராணத்தைக் கேட்ட கும்பகோணத்துக்காரன் நாகைக்காரோணப் புராணத்தைக் கேட்டவன் அல்லன். அவனுக்கு ஒரே ஒரு புராணம்தான்; அதில் வருகிற குளமும் வீதியும் அவன் காலையில் நடந்து வந்தவை. இருபதையும் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு கூறியது கூறல் என்று குற்றம் பிடிக்கிற வாசகன் அச்சு உண்டாக்கியவன், நம்மைப் போன்றவன். சிலேடையும் மடக்கும் அப்படித்தான். பக்கத்தில் உட்கார்ந்து அவிழ்த்துக் காட்டுகிறவர் இருக்கிறார் என்ற தைரியத்தில் போடப்பட்ட முடிச்சுகள் அவை. அந்தப் பேச்சை யாரும் எழுதிவைக்கவில்லை. நமக்கு வந்து சேர்ந்திருப்பது பாதி.

ஆங்கில இலக்கியம் படித்தவனுக்கு இங்கே டிலன் தாமஸ் ஞாபகம் வருவது இயல்பு. 1950க்கும் 1953க்கும் இடையில் நான்கு முறை அமெரிக்கா போய், ஊர் ஊராக வாசித்து, 1953 நவம்பர் 9 அன்று நியூயார்க்கில் 39 வயதில் செத்துப்போனவர். அவரையும் மேடை தின்றது என்பார்கள். ஆனால் தாமஸ் வாசித்த கவிதைகள் மேடைக்கு முன்பே, தனிமையில், சிரமப்பட்டு எழுதப்பட்டவை. நம்மவருக்கு மேடைதான் முதல். கவிதை அதற்காகப் பிறந்தது. சபையை எதிரே வைத்துக்கொள்ளாமல் ஒரு புராணமும் அவருக்குச் சாத்தியமில்லை.

பகலெல்லாம் பற்றுவரவு எழுதுகிறவன் என்பதால் என் கண் வேறொன்றிலும் போய் நிற்கிறது. வீடு நிறைய மாணவர்கள்; சோறும் பாடமும் இலவசம். திருவாவடுதுறை மடத்தின் ஆதரவு இருந்தும் கடன் அவரை விடவில்லை. அரங்கேற்றப் பணம் மொத்தமாக வரும், பழைய கடனுக்குப் போகும். அடுத்த ஊர், அடுத்த புராணம். பேராசைக்காரர் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தச் சுழற்சிதான் அவர் வேகத்துக்குப் பாதிக் காரணம் என்று நினைக்கிறேன். இவ்வளவு சொல்வளமும் ஞாபகசக்தியும் உள்ள ஒருவருக்கு, யாரும் கேட்காத ஒன்றைத் தனக்குத்தானே சொல்லிப் பார்க்க அவகாசம் கிடைக்கவில்லை. சேக்கிழார் பிள்ளைத்தமிழில் சில இடங்களில் அந்த அவகாசம் தென்படுகிறது. புராணங்களில் நான் தேடிய அளவில் இல்லை.

அவர் போன நான்கே வருஷத்தில், 1880 அக்டோபர் 21 அன்று, கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சாமிநாதையர் பார்க்கப் போகிறார். பிள்ளையிடம் பாடம் கேட்ட நூல்களின் பெயர்களை அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை; சிந்தாமணி தெரியுமா என்று கேட்கிறார். நவீனத் தமிழ் வாசகன் பிறந்த நாள் அது என்று சொல்லலாம். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. முதலியார் கேட்டது நியாயம். ஆனால் அன்று ஐயர் அடுக்கிய பட்டியலோடு, கூடி உட்கார்ந்து மாதக்கணக்கில் கவிதை கேட்கும் ஒரு பழக்கமும் கழித்துக்கட்டப்பட்டதை இலக்கிய சரித்திரக்காரர்கள் எழுதுவதில்லை. அந்த இடத்துக்குப் பிற்பாடு கவியரங்கம் வந்தது. அதைப் பற்றி இந்தப் பக்கங்களில் போதுமான அளவு எழுதியாகிவிட்டது.

1876 பிப்ரவரி 1, திருவாவடுதுறை. கிறிஸ்தவரான மாணவர் சவேரிநாத பிள்ளை அவரைத் தம் மார்பில் சாய்த்துக்கொண்டிருக்கிறார். திருவாசகம் படிக்கச் சொல்கிறார் பிள்ளை. சாமிநாதையர் அடைக்கலப் பத்தைப் படிக்கிறார். இந்தத் தடவை பிள்ளை பொருள் சொல்லவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.