வாவியின் இசையும் கூலியின் கணக்கும்

மட்டக்களப்பு வாவியைப் பற்றிப் பிறர் எழுதியவற்றுள் பெரிதும் எடுத்தாளப்படுவது, எமர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலின் 'பாடும் மீன்' பகுதியாகும். குடியேற்ற அரசின் செயலாளராயிருந்த அவர், 1848 செப்டெம்பரில் நிலவொளியில் மீனவருடன் தோணியேறிச் சென்று, நீரினடியிலிருந்து எழுந்த ஒலியைக் கேட்டார். அவ்வொலி ஊரியிலிருந்து பிறப்பதாக மீனவர் கூறியதையும் குறித்துவைத்தார். ஆயின், அம்மீனவர் அன்றாடம் எதை ஈட்டினர், அதைக்கொண்டு எவ்வாறு குடும்பம் நடத்தினர் என்பன அவரது கவனத்தைப் பெறவில்லை.

இதனைத் தனிமனிதரொருவரின் மறதியெனக் கொள்ளல் பொருந்தாது. அதே ஆண்டில் அவ்வரசு, 18 முதல் 55 வயது வரையான ஆடவர் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்தல் வேண்டும், அன்றேல் ஈடாகப் பணம் செலுத்துதல் வேண்டுமெனச் சட்டமியற்றியது. அவ்வாண்டு மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்குப் புதிய வரிகளும் காரணமாயின. உழைப்பை நாட்கணக்கில் அளக்கத் தெரிந்த ஆட்சி, உழைப்போனின் சீவனச் செலவை அளக்க முற்படவில்லை.

அச்செலவு எவ்வாறு ஈடுசெய்யப்பட்டது? வாவிக்கும் கடலுக்கும் இடையே அமைந்த பெரியகல்லாறு போன்ற எழுவான்கரைக் கிராமங்களின் வாழ்க்கைமுறை இதற்கு விடை தருகின்றது. போடியாரின் வயலில் வேலை, முன்மாரி, பின்மாரிப் போகங்களோடு எழுந்து அடங்குவது. வேலையற்ற நாட்களில் வீச்சுவலையும் அத்தாங்கும் கறிக்கு மீனும் இறாலும் தந்தன. தாய்வழி மரபின்படி வீடு மகளுக்குச் சீதனமாயிற்று. புதுக்குடும்பத்துக்கு வாடகைச் சுமை இல்லை. எனினும் அவ்வீட்டைக் கட்டப் பெற்றோரும் சகோதரரும் ஆண்டுக்கணக்கில் உழைத்தனர். நெல் அவித்தலும் குற்றுதலும் பாய் இழைத்தலும் பெண்களின் கடமையெனக் கருதப்பட்டன.

எனவே, குறைந்த கூலியிலும் குடும்பம் நிலைத்ததெனின், கூலி போதியதாயிருந்தது என்பது அதன் பொருளன்று. உழைப்பாளியை மறுநாள் வேலைக்கு ஆயத்தப்படுத்தும் செலவின் ஒரு பகுதியை வாவியும் உறவினரும் ஊதியம் பெறாத பெண்களும் ஏற்றனர். அதன் பயன் கூலி கொடுத்தோனையே சேர்ந்தது.

'மீன்பாடும் தேன்நாடு' என்ற தொடரை நம்மவரும் பெருமிதத்துடன் வழங்குகின்றனர். இயற்கை வாரி வழங்கும் நாட்டில் கூலி குறைவாயிருப்பது குறையாகத் தோன்றாது என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை பெரியகல்லாற்றையும் தாக்கியபின், புறத்தார் பார்வையில் தேன்நாடு இரங்கத்தக்கோரின் நாடாயிற்று. முன்னைய படிமத்தில் உழைப்பு மறைந்தது. பின்னையதில் உழைப்பாளி நிவாரணம் பெறுபவனாக மட்டும் நின்றான்.

வியப்பும் இரக்கமும் வரலாறாகா. இப்பிரதேசத்தின் நாட்டார் பாடல்களைத் தொகுக்கும் நம் மாணவர், பாடுவோர் தம் இளமையில் எத்தனை நாள் வேலை பெற்றனர், கூலியாக நெல்லோ பணமோ எவ்வளவு பெற்றனர் என்பவற்றையும் கேட்டெழுதுதல் வேண்டும். பாடலின் பொருளும் அப்போதே முழுமையாகப் புலப்படும்.