வற்றிய குளத்தில் விடும் மீன் யாருக்கு?

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஏனாத்தூர், உத்திரமேரூர்ப் பகுதிகள் ஏரிப்பாசனத்தை நம்பி வாழ்பவை. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் சிறு குளங்கள் கோடையில் தரை தெரிய வற்றுகின்றன. அடுத்த மழைக்குப் பின் அவற்றில் மீண்டும் மீன்குஞ்சு விடுவது ஒரு தொழில்நுட்பச் செய்தியாகவே பேசப்படுகிறது. நிலமற்ற தலித் மக்களுக்கு அது பொதுச்சொத்தின் மீதான உரிமைச் செய்தியும் ஆகும்.

வற்றலுக்குப் பின்

குளம் வற்றுவது முழுக் கேடன்று. வெயிலில் வெடிக்கும் சேற்றில் கழிவுகள் மட்குகின்றன. குஞ்சுகளைத் தின்னும் மீன்கள் பெரும்பாலும் ஒழிகின்றன. தரை காய்ந்ததும் எக்டேருக்கு ஏறத்தாழ 200 முதல் 250 கிலோ சுண்ணாம்பு தூவுவது வழக்கம். நீர் வந்தபின் மேல்மட்டத்தில் மேயும் கட்லா, நடுமட்டத்து ரோகு, அடிமட்டத்து மிர்கால் ஆகியவற்றைக் கலந்து விடுகின்றனர். நீர் ஐந்தாறு மாதமே நிற்கும் குளத்திற்கு நுண்குஞ்சுகள் பயன்படா, 10 செ.மீ. அளவுக்கு வளர்ந்த குஞ்சுகளே அறுவடைக்கு எட்டும். 1957ஆம் ஆண்டு ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி தூண்டுமுறை இனப்பெருக்கத்தில் வெற்றி கண்ட பின்னரே, ஆற்றில் குஞ்சு சேகரிப்பதை நம்பியிருந்த நிலை மாறியது.

யாரும் விடாத மீனும் உண்டு. காற்றைச் சுவாசிக்கும் விராலும் குரவையும் ஈரச் சேற்றில் தங்கிப் பிழைக்கும். கெண்டையும் கெளுத்தியும் வரத்துக்கால்வாய் வழியே வந்து சேரும். நீர் குறையும் நாட்களில் கூடையோடும் வெறுங்கையோடும் இறங்கிப் பிடிக்கும் இந்த மீன், கூலிக் குடும்பங்களுக்கு விலையில்லா உணவு. குளத்தில் குஞ்சு வாங்கி விடப்பட்டதும் அந்த மீனுக்கும் குத்தகைதாரர் உரிமை கோருகிறார். நேற்றுவரை உணவு தேடியவர் இன்று திருடர் எனப்படுகிறார்.

பங்கீட்டின் வரலாறு

உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையைப் பதிவு செய்துள்ளன. ஏரியைக் காக்க ஏரி வாரியம் இருந்ததையும் அவை கூறுகின்றன. அதில் இடம்பெற வரி செலுத்தும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் வேண்டும். மக்களாட்சியின் சான்றாகப் போற்றப்படும் இந்த ஆவணம், விலக்கலின் சான்றும் ஆகும்.

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலமின்மையை 1891இல் ஆட்சியர் திரமென்கீர் அறிக்கையாக்கினார். 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அந்த நிலங்களில் பெரும்பகுதி இன்று உரியவரிடம் இல்லை. நிலமின்மையின் விளைவை ஏரியிலேயே காணலாம். வண்டலை எடுத்துப் பயனடைபவர் நிலமுடையவர். பாசன நீர் ஆயக்கட்டுதாரருக்கு. மீன் ஏலம் எடுத்தவருக்கு. மடை திறந்த நீர்க்கட்டிக்கும், தூர்வாரிய கூலியாளுக்கும் எஞ்சுவது என்ன?

ஏலமும் சட்டமும்

பொதுவாக 40 எக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய ஏரிகள் ஊராட்சி ஒன்றியப் பராமரிப்பிலும், பெரியவை நீர்வளத் துறையிடமும் உள்ளன. மீன்பாசி குத்தகை முறையான அறிவிப்புடன் ஏலம் விடப்பட வேண்டும். ஆனால் பல இடங்களில் ‘ஊர்’ கூடி ஏலத்தை முடித்து, பணத்தைக் கோயில் கணக்கில் சேர்க்கிறது. அந்த ‘ஊர்’ என்ற சொல்லுக்குள் சேரி அடங்குவதில்லை.

1927 மார்ச் 20 அன்று மகாடில் அண்ணல் அம்பேத்கர் நிலைநாட்டியது பொதுக்குளத்தில் நீர் அருந்தும் உரிமை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் அதனினும் விரிந்தது. பொதுச்சொத்து வளங்களைப் பிறருக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பதும், சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பும் அதன்படி தண்டனைக்குரிய குற்றங்கள்.

கிராமசபையில் கேட்க வேண்டியவை

மே 1 கிராமசபை கூடும்போது பல குளங்கள் வற்றியிருக்கும். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கூட்டங்கள் பருவமழைக்கு முன் வருகின்றன. குத்தகை பற்றிப் பேச இவையே உரிய காலம். நாம் வலியுறுத்துபவை நான்கு:

1. ஏல அறிவிப்பைக் குடியிருப்பிலும் ஒட்ட வேண்டும். தொகையை ஊராட்சிக் கணக்கில் காட்ட வேண்டும்.
2. தலித் மகளிர் குழுக்கள் பங்கேற்கும் அளவில் முன்வைப்புத் தொகை அமைய வேண்டும்.
3. 2020இல் தொடங்கிய பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டம் பட்டியல் சாதியினருக்கும் மகளிருக்கும் அலகு மதிப்பில் 60 விழுக்காடு வரை மானியம் தருகிறது. மீன்வளத் துறை அதைக் கிராமசபையிலேயே விளக்க வேண்டும்.
4. அறுவடைக்குப் பின் எஞ்சும் நாட்டு மீனைப் பிடிக்கும் உரிமை அனைவருக்கும் உண்டெனக் குத்தகை நிபந்தனையில் எழுத வேண்டும்.

மழை பெய்தால் குளம் தானே நிரம்பிவிடும். பங்கு அவ்வாறு தானே வந்து சேராது. தீர்மானப் புத்தகத்தில் அதை எழுதச் செய்ய வேண்டும்.