டிரை ஃபயர் பயிற்சி

டிரை ஃபயர் பயிற்சி என்பது, தோட்டா நிரப்பாத துப்பாக்கியில் குறிபார்த்து விசையை இழுத்துப் பழகும் முறை. வெறும் துப்பாக்கியோடு பழகுவது, லேசர் கருவியோடு பழகுவது என இது இருவகைப்படும்.

லேசர் முறையில், விசையை இழுத்ததும் ஒளிப்புள்ளி இலக்கில் பாயும். கேமரா அல்லது உணர்கருவி அதைப் பதிவுசெய்யும். வெடியோசையும் பின்னுதைப்பும் இல்லாததால், விசையை இழுக்கையில் கை அசைவது உடனே புலப்படும். பின்னுதைப்பைச் சமாளிக்க மட்டும் இதில் பழக முடியாது.

10 மீட்டர் ஏர் பிஸ்டல் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. மட்டுமே, எனவே சிறு நடுக்கமும் புள்ளியைக் குறைக்கும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் வெண்கலம் வென்றார். ஒலிம்பிக்கின் நவீன ஐந்திறப் போட்டியின் சுடுதல் பிரிவில் 2012 லண்டன் முதல் லேசர் கைத்துப்பாக்கியே பயன்படுகிறது.

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பதை 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. பயிற்சியின்போது துப்பாக்கி காலியா எனச் சோதிப்பதும், தோட்டாக்களை வேறு அறையில் வைப்பதும், லேசர் கண்ணில் படாமல் காப்பதும் இன்றியமையாதவை.